வெளிநாட்டில் படிக்கும்போது சீனப் புத்தாண்டு கொண்டாடிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

நான் சீனாவுக்கு போனதே இல்லைங்க. ஆனா மான்செஸ்டர்ல மாஸ்டர்ஸ் படிச்சப்ப ரெண்டு சீனப் பிள்ளைங்களோட ஒரே கிச்சன்ல ஒரு வருஷம் குப்பை கொட்டுனேன், அதனால பதில் சொல்லலாம்னு நினைக்கிறேன். ஒருத்தி ஹார்பின், வடகிழக்கு மூலை, பனிக்காலத்துல மைனஸ் 20 எல்லாம் அங்க சர்வ சாதாரணம். இன்னொருத்தன் தெற்கே குவாங்டாங், என்னை மாதிரியே குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் போடுற கேஸ்.

2025ல புத்தாண்டு ஜனவரி 29, புதன்கிழமை. ஆனா முக்கியமான சாப்பாடு அதுக்கு முந்தின நாள் ராத்திரிதான், குடும்பம் மொத்தமும் ஒரே மேஜைல உக்காந்து சாப்பிடணும். அந்த வருஷம் சீனால இந்த முந்தின நாளையும் சேர்த்து 8 நாள் லீவு விட்டாங்க. எங்களுக்கு? செவ்வாய்க்கிழமை 3 மணிலேந்து 5 மணி வரை கிளாஸ்.

சீனால ராத்திரி 12ன்னா இங்கிலாந்துல சாயங்காலம் 4. அதாவது சரியா கிளாஸ் நடுவுல. 4 மணிக்கு 5 நிமிஷம் இருக்கும்போது ஹார்பின்காரி எழுந்து வெளிய போயிட்டா, உடம்பு ஏதும் சரியில்லையோன்னு நானும் பின்னாடியே போனேன். பார்த்தா காரிடார்ல ஜன்னல் ஓரமா நின்னு போன்ல டிவி பார்த்துட்டு இருக்கா. 1983லேந்து வருஷா வருஷம் அவங்க அரசு டிவில போடுற புத்தாண்டு நிகழ்ச்சியாம், நம்ம வீட்ல தீபாவளிக்கு பட்டிமன்றம் ஓடுற மாதிரி யாரும் முழுசா பார்க்க மாட்டாங்க ஆனா ஓடிட்டே இருக்கணும். அந்த வருஷம் ரோபோ எல்லாம் கைக்குட்டை சுத்தி ஆடுச்சு. கவுண்ட்டவுன் முடிஞ்சதும் அவ பாட்டி வீடியோ கால், பின்னாடி ஒரே கூச்சல், பாட்டி என்னையும் பார்த்துட்டு ஏதோ கேட்டாங்க. என்னன்னு கேட்டா "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்களாம்! எல்லா ஊர்லயும் பாட்டின்னா பாட்டிதான். அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி போய் கிளாஸ்ல உக்காந்துட்டோம், வெளிய இருட்டிட்டு இருந்துச்சு.

ராத்திரி சமையலுக்கு முன்னாடி ஒரு சண்டை. டம்ப்ளிங் (நம்ம கொழுக்கட்டை மாதிரி உள்ள பூரணம் வெச்சு மடிக்கிறது) இல்லாம புத்தாண்டான்னு அவ, எங்க ஊர்ல புத்தாண்டுக்கு அதெல்லாம் யாரு செய்யுறாங்கன்னு இவன். நான் அதுவரைக்கும் சீனாக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரின்னு நினைச்சிட்டு இருந்தேன், நம்மள இட்லி தோசைன்னு ஒரே வரில முடிக்கிறவங்க மேல கோவப்படுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதைன்னு அன்னைக்கு தோணுச்சு. கடைசில டம்ப்ளிங் அவ செய்ய, முழு மீனை இஞ்சி வெங்காயத்தாள் போட்டு அவன் ஆவில வேக வைக்கன்னு சமாதானம். மீனை முழுசா காலி பண்ணக்கூடாது, ஏன்னா சீன மொழில மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே சத்தம், மிச்சம் வெச்சா வருஷம் பூரா மிச்சப்படுமாம்.

என் பிரச்சனை வேற. செவ்வாய்க்கிழமை, முருகனுக்காக கவுச்சி தொட மாட்டேன், முட்டையும் கிடையாது. தயங்கித் தயங்கி சொன்னா அவ ரொம்ப கூலா, தியான்ஜின் பக்கம் புத்தாண்டு முதல் நாள் சைவ டம்ப்ளிங்தான் சாப்பிடுவாங்கன்னு சொல்லி முட்டைக்கோஸ், காளான், டோஃபு, கண்ணாடி சேமியான்னு தனியா ஒரு பூரணம் பண்ணிட்டா. ஓல்ட்ஹாம் ரோடு விங் யிப்ங்கிற சீனக் கடைல தேடித்தேடி எல்லாம் வாங்குன பொண்ணு உருட்டுறதுக்கு கட்டை வாங்க மறந்து, ஒயின் பாட்டில வெச்சு மாவு தேய்ச்சிட்டு இருந்தா, நான் கோவில்பட்டிலேந்து அம்மா கட்டிக் கொடுத்த சப்பாத்திக் கட்டைய எடுத்து நீட்டுனேன் பாருங்க, அன்னைக்கு எனக்கு கிடைச்ச மரியாதையே தனி. நடுவுல தடியா ஓரத்துல மெல்லிசா தேய்க்கணும், அது எனக்கு வரவே இல்ல. ஓரம் மடிக்கிறதுக்கு எனக்கு தெரிஞ்சது சோமாசி மடிப்புதான், அதையே போட்டேன். டம்ப்ளிங் பழைய காலத்து தங்கக் கட்டி மாதிரி இருந்தாதான் காசு வரும், உன்னுதுல காசு வராதுன்னு சிரிச்சா. ஆனா சைவம் எது அசைவம் எதுன்னு குழப்பமே வரல, சோமாசி மடிப்பெல்லாம் எனக்கு. ஒண்ணுல காசு வெப்பாங்களாம், நாங்க வேர்க்கடலை வெச்சோம், இங்கிலாந்துல பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்குறது எவ்ளோ கஷ்டம்னு இங்க இருக்கவங்களுக்கு தெரியும்.

ஒரு கூத்தையும் சொல்லிடுறேன். ஃப்ரிட்ஜ்ல சிவப்புத் தாள்ல ஒரு எழுத்து தலைகீழா ஒட்டியிருந்துச்சு, நான் நல்லவன் மாதிரி பிச்சு நேரா ஒட்டிட்டேன். அது அதிர்ஷ்டம்ங்கிற எழுத்து. தலைகீழுக்கும் "வந்தாச்சு"க்கும் அங்க ஒரே சத்தம்ங்கிறதால வேணும்னேதான் கவுத்து ஒட்டுவாங்களாம். வந்த அதிர்ஷ்டத்தை நான் திருப்பி அனுப்பிட்டேன்!

புத்தாண்டுக்கு சிவப்பு கவர்ல காசு கொடுக்கிறதை இவங்க போன்லயே பண்றாங்க. வீசாட் (அவங்க ஊர் வாட்ஸ்அப் மாதிரி) குரூப்ல சிவப்பு கவர் போட்டா யாரு முதல்ல அமுக்குறாங்களோ அவங்களுக்குத்தான், தொகை ரேண்டமா வரும். தனியா அனுப்புறதுன்னா 6.66, 8.88 யுவான்னு அனுப்புறாங்க, 4 மட்டும் வரக்கூடாது. (இந்த சிவப்பு கவரை அங்பாவ்னு வாங்கியே வளர்ந்த மலேசியா சிங்கப்பூர் மக்கள் இதைப் படிச்சு சிரிக்காதீங்க.) மறுநாள் வீடு கூட்டக்கூடாது, அதிர்ஷ்டமும் சேர்ந்து போயிடுமாம். புதன்கிழமை கிச்சன் கிளீனிங் என் முறை, இதைவிட நல்ல பண்டிகை உண்டா?

வார இறுதில சைனாடவுன்ல டிராகன் ஊர்வலத்துக்கும் போனோம். கூட்டம், குளிர், முன்னாடி நின்னவர் தலைதான் தெரிஞ்சுது. என்னைக் கேட்டா அதுக்கு போகலைன்னாலும் பரவால்ல, யாராவது டம்ப்ளிங் மடிக்க கூப்பிட்டா போயிடுங்க.

அந்த செவ்வாய்க்கிழமை மாவு உருட்டிட்டே உங்க பண்டிகை எப்பன்னு அவ கேட்டா. பொங்கல் சரியா ரெண்டு வாரம் முன்னாடி, ஜனவரி 14, அதுவும் செவ்வாய்க்கிழமைதான், அன்னைக்கு நான் ரூம்ல கப் நூடுல்ஸ் சாப்பிட்டு படிச்சிட்டு இருந்தேன். சொன்னதும் கட்டைய கீழ வெச்சுட்டு ஏன் எங்ககிட்ட சொல்லலன்னு கேட்டா, எனக்கு பதில் வரல. அடுத்து ஏப்ரல் 14ன்னு மட்டும் சொல்லி வெச்சேன்.

ஏப்ரல் 14 காலைல கதவு தட்டுற சத்தம். கைல என் சப்பாத்திக் கட்டையோட நிக்கிறா, என்ன உருட்டணும்னு கேக்குறா. உருட்ட ஒண்ணும் இல்லம்மா, வடை தட்டணும்னு சொன்னேன்.