சர்க்கரை நோயும் ஹெபடைடிஸ் சி-யும்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் அப்பச்சிக்கோ ஆத்தாவுக்கோ சர்க்கரை நோய் கிடையாது. எனக்குக் குடிப்பழக்கமும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (54 வயது வாசகர், காரைக்குடி)

உண்டு. உணவுக்குப் பிறகு குடலிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமித்துவைப்பதும், இரவில் நாம் தூங்கும்போது அளவாக வெளியே விடுவதும் கல்லீரலின் வேலை. ‘போதும், நிறுத்து’ என்று அதற்குச் சொல்வது இன்சுலின். ஹெபடைடிஸ் சி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் குடியேறி, இன்சுலின் தரும் அந்தக் கட்டளை உள்ளே போய்ச் சேராதபடி கெடுத்துவிடுகிறது. நாள்பட்ட அழற்சியும் கல்லீரலில் படியும் கொழுப்பும் இதற்குத் துணைபோகின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். ஒரு கட்டத்தில் முடியாமல் போகும். இந்தத் தொற்று உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது.

ஆனால் உங்கள் சர்க்கரைக்கு வைரஸ் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வயது, தொப்பை, நடையில்லாத வாழ்க்கை எல்லாம் கூடவே இருக்கும். எதிர்ப்பக்கத்தையும் கவனியுங்கள்: சர்க்கரை நோய் இருந்தால் வைரஸால் கல்லீரலில் விழும் தழும்பு வேகமாக வளரும், கல்லீரல் புற்றுநோய் அபாயமும் கூடும். ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது வந்திருப்பது, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருளைத் தேடும் பரிசோதனையின் முடிவு. வைரஸ் உங்கள் உடலில் எப்போதோ நுழைந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சிலருக்கு அது தானாகவே அழிந்திருக்கும். இன்றும் இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் காட்டும். இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும்; நூறில் 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள எங்கள் அம்மா ஹெபடைடிஸ் சி மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது மதியச் சாப்பாடு சற்றுத் தாமதமானாலே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. சர்க்கரை 62 என்று காட்டியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? (தேவகோட்டை)

மருந்து வேலை செய்கிறது என்பதற்கே இது அடையாளமாக இருக்கலாம். வைரஸ் குறையக் குறைய உடல் மறுபடி இன்சுலினுக்குக் கட்டுப்படுகிறது. சர்க்கரை மாத்திரையோ பழைய அளவிலேயே போகிறது. கிளிமிபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவோரும் இன்சுலின் போடுவோரும் இந்த நாட்களில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தாழ்சர்க்கரை உயிருக்கே ஆபத்து.

நடுக்கம் வந்தவுடன் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அன்றே சர்க்கரை மருத்துவரிடம் பேசி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை குறைந்துவிட்டது என்று அடுத்த விசேஷத்தில் கந்தரப்பமும் உக்காரையும் தாராளமாக வேண்டாம். சிலருக்கு இந்த முன்னேற்றம் நிலைக்கிறது. சிலருக்குச் சில மாதங்களில் சர்க்கரை மறுபடி ஏறுகிறது.

நானும் என் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் சர்க்கரை. ஒரே மெஷினில்தான் பார்த்துக்கொள்கிறோம். தங்கைக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதாக இப்போது தெரிகிறது. (68 வயது, கானாடுகாத்தான்)

ஆச்சி, இன்றைக்கே இதை நிறுத்துங்கள். விரலைக் குத்தும் பேனா போன்ற கருவியின் மூடியைக் கழற்றி, ஊசி வெளிவரும் துளையைச் சன்னலோர வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் பழுப்பாய்க் காய்ந்த பொட்டு ஒன்று இருந்தால் அது இரத்தம். ஊசியை மாற்றினாலும் அந்தத் துளை அடுத்தவர் விரலில்தான் அழுந்துகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே இந்த வைரஸுக்குப் போதும். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு ஊசி, ஆளுக்கொரு மெஷின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் பேனாவும் அப்படியே. நீங்களும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊர்களில் நடக்கும் சர்க்கரை முகாம்களிலும் ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் ஐயாவுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளைத் தூக்கவும் விடுவதில்லை. இது சரியா? (பள்ளத்தூர்)

சரியில்லை. மனம் வலிக்கிறது. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ கட்டி அணைப்பதாலோ இருமலாலோ ஹெபடைடிஸ் சி பரவாது. சவர பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை மட்டும் தனியாக வையுங்கள். பேரப்பிள்ளைகளை அவர் மடியில் உட்கார வையுங்கள்.

கீழாநெல்லி சாப்பிட்டால் போதுமா? (பொன்னமராவதி)

போதாது. கீழாநெல்லி இந்த வைரஸை அழிக்காது. பலருக்கு இந்தத் தொற்றில் மஞ்சள் காமாலையே வருவதில்லை. அதனால் ‘காமாலை இறங்கிவிட்டது’ என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஹெபடைடிஸ் சி மாத்திரை சாப்பிடும்போது எந்த நாட்டு மருந்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

சிகிச்சை முடித்து ஓராண்டு ஆகிறது. மலேசியாவில் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் மறுபடி ‘பாசிட்டிவ்’ என்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா? (31 வயது, கோட்டையூர்)

பெரும்பாலும் இல்லை. குணமான பிறகும் எதிர்ப்புப்பொருள் இரத்தத்தில் பல ஆண்டுகள் இருக்கும். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்திருந்தால் நீங்கள் குணமடைந்தவர். அந்த அறிக்கையோடு புதிதாக ஒரு ஆர்.என்.ஏ. முடிவையும் எடுத்து, மருத்துவரின் கடிதத்துடன் இணைத்துக் கொடுங்கள். குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம், தடுப்பூசியும் கிடையாது என்பதால் இந்தப் புதிய முடிவு உங்களுக்கும் தேவை. சிகிச்சைக்கு முன்பே கல்லீரலில் தழும்பு முற்றிக் கல்லீரல் சுருக்க நோய் வந்திருந்தால், எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.