லேவியராகமத்தில் நின்றுபோகும் வாசிப்பு

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்திலிருந்து வேதாகமத்தை வாசிக்கத் தொடங்குகிறேன், லேவியராகமத்தை எட்டும்போது நின்றுவிடுகிறது. பிறகு குற்ற உணர்வோடு, கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து ஒரு வசனத்தை மட்டும் வாசிக்கிறேன். மாலைக்குள் அதுவும் மறந்துவிடுகிறது. ஒழுங்காக வாசிக்கவும் ஆராய்ந்து படிக்கவும் என்ன வழி? விளக்கவுரைகளை முதலிலேயே வாங்கிவிட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாசிப்பு நின்றுபோகும் இடமே அதன் காரணத்தையும் காட்டுகிறது. 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருப்பதால், அதை ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் கடந்து, ஜனவரிக் கடைசியில் லேவியராகமத்தின் பலிகளைப் பற்றிய பிரமாணங்களுக்கு வரும்போது, சம்பவங்களின் ஓட்டத்தில் பழகிய மனம் தடுமாறுகிறது. ஒருநாள் தவறினால் மறுநாள் ஆறு அதிகாரங்கள் பாக்கி நிற்கின்றன; ஒரு வாரம் தவறினால் அந்தப் பாக்கியைப் பார்த்தே வேதத்தைத் திறக்கத் தயங்குகிறோம். உங்களிடம் பக்தி குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஓராண்டுத் திட்டம் பழக்கம் வேரூன்றியவர்களுக்கு ஏற்றது. பழக்கத்தை உண்டாக்க அது நல்ல வழியல்ல என்பதே என் கருத்து.

ஆகவே சில மாதங்களுக்கு அதிகாரக் கணக்கை விட்டுவிட்டு, ஒரே ஒரு சிறிய புத்தகத்தில் தங்குங்கள். பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தைச் சொல்வேன். நான்கே அதிகாரங்கள், நிதானமாக வாசித்தாலும் இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். நமக்கு வந்த கடிதத்தின் நடுவில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பதில்லை அல்லவா? அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டவை. பிலிப்பி சபையார் இதை எண்கள் இல்லாத ஒரே கடிதமாகத்தான் கேட்டார்கள். முதல் வாரம் முழுவதும் தினமும் அதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசியுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் எந்த நிலையில் இருக்கிறார், யாருக்கு எழுதுகிறார், எதனால் எழுதுகிறார் என்பவற்றுக்கான விடைகளை நிருபத்திலிருந்தே தேடி எழுதுங்கள். முதல் அதிகாரத்திலேயே பவுல் தம் கட்டுகளை, அதாவது சிறைவாசத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதைக் காண்பீர்கள். அப்படியிருந்தும் சந்தோஷம் என்ற சொல் நிருபம் முழுவதும் வந்துகொண்டேயிருக்கும். பிலிப்பியர் அனுப்பிய உதவியை எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்ததையும், அவன் மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்ததையும் குறித்துக்கொள்வீர்கள். பிறகு, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்துக்கு வரும்போது, அதற்கு முந்தைய வசனம் பட்டினியையும் திருப்தியையும், குறைவையும் நிறைவையும் பற்றிப் பேசுவது தானாகவே கண்ணில் படும். எடுத்த காரியமெல்லாம் வெற்றியாகும் என்பதற்கு அந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அநேகர். பவுலோ எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கும் பெலனைப் பற்றி எழுதுகிறார். அதேபோல, இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தியதைச் சொல்லும் மகத்தான பகுதி ஏன் அங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களும் ஒரே சிந்தையாயிருக்கும்படி பவுல் கெஞ்சுவதை வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு விடை கிடைக்கலாம். இப்படி நீங்களாகவே கண்டுபிடித்தது மாலைக்குள் மறந்துபோகாது.

அடுத்து அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை வாசித்தால், லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் விசுவாசித்த பிலிப்பி சபையின் ஆரம்பம் தெரியவரும். ஒரு பகுதியோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் ஒத்துவாக்கியக் குறிப்புகளை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

விளக்கவுரைகளை வாங்குங்கள், ஆனால் பிந்தித் திறவுங்கள். எத்தியோப்பிய மந்திரியிடம் வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றான் அந்த மந்திரி. போதிக்கிறவர்களின் உதவி நமக்கு வேண்டும். ஆனால் அவன் முன்னதாகவே ஏசாயாவைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தான், கேட்பதற்கு ஒரு கேள்வியும் அவனிடம் இருந்தது. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் என்றால், எந்த விளக்கவுரையையும் அப்படி ஆராய்வது அவமரியாதை ஆகாது.

நேரத்தைப் பொறுத்தவரை, இருபது நிமிடங்கள் போதும். ஆனால் தினமும் அதே வேளையும் அதே இடமும் இருக்கட்டும். கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்தில் வாசியுங்கள். சிறு ஜெபத்தோடு தொடங்குங்கள். ஒருநாள் தவறினால் அதை ஈடுகட்ட முயலாமல், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

பிலிப்பியருக்குப் பின் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும், அதன்பின் ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் இதே முறையில் படியுங்கள். லேவியராகமத்துக்கு வரும்போது, பாவநிவாரண நாளைப் பற்றிய 16ஆம் அதிகாரத்தையும் எபிரெயர் 9ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து முதலில் வாசித்துவிட்டு, பிறகு முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பலிகளெல்லாம் எதைச் சுட்டின என்று தெரிந்த பின், உங்களை நிறுத்திய பக்கங்களை நீங்கள் விருப்பத்தோடு வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.