31,000 ரேண்ட் ஸ்டார்ட்டர் பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வயது 27. ஒரு கிடங்கில் வேலை. பிடித்தம் போக மாதம் 11,500 ரேண்ட் கைக்கு வருகிறது, அதில் 8,000 செலவாகிவிடும். பேங்கில் 18,000 சேர்த்து வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறில் வீட்டு முற்றத்திலேயே கார் டீடெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் கழுவி மெருகேற்றும் தொழில், தொடங்க ஆசை. ஒரு கடையில் ஸ்டார்ட்டர் பேக்கேஜ் என்று 31,000 ரேண்டுக்குத் தருகிறார்கள். பிரஷர் வாஷர், வேக்குவம், ஸ்டீம் மெஷின், ரோட்டரி பாலிஷர், 18 வகை பாட்டில், பெயிண்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங் 5 பாட்டில் எல்லாம் அதில் அடக்கம். இப்போது ஒன்றும் தர வேண்டாம், 24 மாதம், மாதம் 1,790 கட்டினால் போதுமாம். வாரக் கடைசியில் 6 கார், காருக்கு 450 என்று வைத்தாலே ஒரே வாரத்தில் தவணைப் பணம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் காராகத் தன் மெர்சிடிஸைத் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. தொழிலை வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பெட்டியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

1,790ஐ 24ஆல் பெருக்கிப் பாருங்கள். 42,960 வரும். அதாவது 31,000 சரக்குக்கு 11,960 கூடுதலாகக் கட்டப் போகிறீர்கள். வட்டி மட்டும் இல்லை, தொடக்கக் கட்டணம், மாதாமாதம் சேவைக் கட்டணம், கடன் காப்பீடு என்று தாளில் தனித்தனியாக எழுதியிருக்கும். தேசியக் கடன் சட்டப்படி, கையெழுத்துக்கு முன்பே மொத்தச் செலவையும் எழுத்தில் தர வேண்டும், அந்த விலைப்புள்ளி 5 வேலை நாள் செல்லும். ஆகவே ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்று யாராவது அவசரப்படுத்தினால், தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 6 கார். உள்ளும் புறமும் ஒழுங்காகச் செய்தால், பழகாத கைக்கு ஒரு காருக்கு 5 மணி நேரம் போகும். 6 கார் என்றால் 30 மணி நேரம், அதுவும் இரண்டே நாளில். டர்பன் கோடை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் மூன்று மாதம் வருகிறவர்கள் யார் என்றும் யோசியுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள், அப்பாவின் கூட்டாளி, அண்ணியின் அக்கா. இவர்களிடம் 450 கேட்க உங்களுக்கு வாய் வராது. மாதம் 4 கார், காருக்கு 250 என்று வைப்போம். 1,000 வரும், கழுவும் மருந்து (ஷாம்பு, கிளீனர்), தண்ணீர், கரண்ட் என்று 200 போனால் மிச்சம் 800. தவணை 1,790. மீதி 990ஐச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டுவீர்கள். கையில் அது இல்லாத மாதம் கந்துவட்டிக்கார மஷோனிசாவைத் தேடிப் போகச் சொல்லும். அந்தக் கதை எங்கே முடியும் என்று நம் ஏரியாவில் தெரியாதவர் இல்லை.

உங்கள் 18,000 இரண்டு மாதச் செலவுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதில் 12,000ஐத் தொடக் கூடாது. 6,000 எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 6,000க்குள் ஒரு நல்ல வாஷ் அண்ட் வேக்ஸ் வேலைக்குத் தேவையானதெல்லாம் வந்துவிடும்.

நான் பிரித்துக் கொடுப்பது இப்படி. பிரஷர் வாஷருக்கு 2,500க்கு மேல் போக வேண்டாம். வீட்டு உபயோக மெஷின், அழுத்தம் 120 பார் சுற்றி இருந்தால் காருக்குத் தாராளம். அழுத்தம் கூடக் கூட நல்லது என்று கடைக்காரர் சொல்வார். பழைய பெயிண்ட் உரிந்து வரும்போது அவர் கூட இருக்க மாட்டார். ஈரமும் உலர்வும் இழுக்கிற வேக்குவம் ஒன்று, 1,500க்குள். இரண்டு வாளி, அவற்றின் அடியில் போடும் மண் தடுப்புத் தட்டு, ஒரு கையுறை, எல்லாம் சேர்த்து 500. மைக்ரோஃபைபர் துணி 600. மருந்துகளுக்கு 800. கூட்டினால் 5,900. மீதி 100க்கு பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி) சாப்பிடுங்கள். ஒன்று, வெளியே தண்ணீரோடு மெஷின் ஓட்டப் போகிறீர்கள், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் வீட்டு எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு வாளி எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் துடைத்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குத் திரும்ப வேண்டும். ஒரு கார் முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள். மணல் படிந்திருக்கும். ஒரே வாளியில் செய்திருந்தால் அந்த மணல் முழுக்க மறுபடி பானெட்டில் ஏறியிருக்கும். கறுப்புக் காரில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரித் தெரிகிறதே, அந்தக் கீறல் பெரும்பாலும் கழுவும்போது வருவதுதான். இன்னொரு வாளியால் தடுக்கக்கூடியதை எடுக்க அப்புறம் பாலிஷ் மெஷின் தேவைப்படுகிறது.

மருந்து வாங்கும்போது பாட்டில் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு காருக்கு எத்தனை காசு விழுகிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் ஷாம்பு 80 ரேண்ட், இன்னொன்று 180 என்று வைத்துக்கொள்வோம். 80 ரேண்ட் பாட்டிலை ஒரு வாளிக்கு 100 மில்லி ஊற்றச் சொல்லியிருந்தால் 10 கழுவல், காருக்கு 8 ரேண்ட். 180 ரேண்ட் பாட்டிலில் 30 மில்லி போதும் என்றால் 33 கழுவல், காருக்கு ஐந்தரை ரேண்ட்தான். லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அந்தக் கலவை அளவுதான் உண்மையான விலை. சீட், டாஷ்போர்டு, கதவு உள்பக்கம் எல்லாவற்றுக்கும் ஆகிற ஆல் பர்ப்பஸ் கிளீனரும் அப்படியே. 5 லிட்டர் கேனை 1க்கு 10 தண்ணீர் கலந்தால் 55 லிட்டர் ஆகிறது. சின்ன ஸ்ப்ரே பாட்டிலாக வாங்கினால் நீங்கள் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஆக உங்களுக்கு வேண்டிய பாட்டில்கள் ஐந்து: பிஎச் நடுநிலை (ஆசிட்டும் காரமும் இல்லாத) ஷாம்பு, ஆல் பர்ப்பஸ் கிளீனர், கண்ணாடிக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, கடைசியில் பூச ஒரு வேக்ஸ் அல்லது சீலன்ட். மீதி 13ம் அலமாரிக்கு அழகு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், ஏற்கனவே இருக்கிற வேக்ஸை அது கிளப்பிவிடும். வீல் கிளீனரில் ஆசிட் கலந்தது இருக்கிறது, பூச்சு போன அலுமினிய ரிம்மில் அது பட்டால் கறையாகிவிடும். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், இழை அடைத்துத் துணி தண்ணீரை உறிஞ்சாது. இதை அம்மாவிடமும் சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் பாசத்தில் ஊற்றிவிடுவார்.

நம் ஊர்க் கார்களுக்கென்று சில தொல்லைகள் உண்டு. டொங்காட், வெருலம் பக்கம் கரும்பு எரிக்கிற மாதங்களில் கறுப்புச் சாம்பல் வந்து காரில் படியும். உலர்ந்த துணியால் அதைத் தட்டக் கூடாது, முதலில் தண்ணீர் அடித்து இறக்க வேண்டும். கடலோரக் கார்களில் அடிப்பக்கமும் வீல் ஆர்ச்சும் உப்பு பிடித்திருக்கும். புதுக் கார் கோயிலில் பூஜை முடிந்து வரும்போது பானெட்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கும். அதையும் ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும், காய்ந்த பொடியைத் தேய்த்தால் கீறல் நிச்சயம். இதெல்லாம் தெரிந்த பையன் என்று பெயர் வாங்கினால், மெஷினைவிட அது உங்களுக்குக் காசு கொண்டுவரும்.

இப்போது அந்த ரோட்டரி பாலிஷர். பெட்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இதுவே போதும். காரின் கிளியர் கோட், அதாவது பெயிண்டின் மேலிருக்கும் நிறமில்லாப் பூச்சு, பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெல்லியது. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், ஓர் இடத்தில் நின்றால் சூடேறும், ஓரங்களிலும் மடிப்புகளிலும் நொடியில் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். என் தம்பியின் கறுப்பு போலோ காரைப் பாலிஷுக்கு ஒரு கார் வாஷில் விட்டோம். திரும்பி வந்தபோது பானெட் மடிப்பில் 5 ரேண்ட் காசு அளவுக்கு வெளிறிய ஒரு வட்டம். விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. ‘பழைய பெயிண்ட் அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பானெட்டை மறுபடி அடிக்க 3,800 ரேண்ட். உங்கள் கையில் அப்படி ஆனால், மாதம் 800 மிச்சம் என்கிற கணக்கில் அது கிட்டத்தட்ட 5 மாத உழைப்பு.

பாலிஷ் கற்க ஆசை இருந்தால் டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். அது சுற்றிக்கொண்டே அலைவதால் சூடு ஓரிடத்தில் தங்காது, தப்பு செய்தாலும் மன்னிக்கும். ஆனால் இப்போது வேண்டாம். காருக்கு 100 ரேண்ட் தனியாக ஒரு டின்னில் போட்டு வாருங்கள், டின் நிரம்பும்போது வாங்குங்கள். அதற்குள் பழைய கார் உடைக்கும் யார்டில் ஒரு பானெட் கிடைத்தால் வாங்கி வந்து முற்றத்தில் வைத்து அதன்மேல் பழகலாம்.

செராமிக் கோட்டிங் 5 பாட்டில் என்பது செத்த பணம். அதற்கு முன் பெயிண்டைப் பாலிஷ் செய்து சுத்தமாக்க வேண்டும். இல்லையென்றால் கீறலையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். திறந்த பாட்டில் நாளாக ஆகக் கெட்டியாகிவிடும். கேட்டு வருகிற ஆள் இல்லாமல் 5 பாட்டில் வாங்குவதும், விருந்தாளி வராமல் தோசை மாவு அண்டா நிறைய அரைப்பதும் ஒன்றுதான்.

தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும், கூட உபயோகித்தால் கிலோலிட்டர் விலையே கூடும். அதனால் முதல் மாத பில்லை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டு பில்லில் ஒளிந்திருக்கிற செலவை லாபம் என்று நினைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள், அது நேராக ஆற்றுக்குத்தான் போகும். புல் தரையில் வைத்துக் கழுவுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. சம்பளத்துக்கு மேல் தொழில் வருமானம் வந்தால் நீங்கள் ப்ரொவிஷனல் வரிதாரர் (வரியை முன்கூட்டியே மதிப்பிட்டுக் கட்டுபவர்) ஆகிறீர்கள், ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் வரித்துறையான சார்ஸில் படிவம் போட வேண்டும். 7,000 ரேண்டுக்குக் குறைந்த கருவியை வாங்கிய வருஷமே முழுதாகச் செலவில் கழிக்கலாம், உங்கள் வாஷரும் வேக்குவமும் அதில் வந்துவிடும். கடை ஸ்லிப் நாளடைவில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

அதே போனில், ஒவ்வொரு காரையும் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் எடுங்கள், உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே. சாவி வாங்கினாலும் தெருவில் ஓட்டாதீர்கள்.

இன்னும் சில மாதத்தில் யாராவது ‘பக்கி (பிக்கப் வண்டி) ஒன்று வாங்கி வீடு வீடாகப் போய்ச் செய்யேன்’ என்பார்கள். பக்கி வாங்கி பாக்கியில் மாட்டாதீர்கள். மாதம் 12 கார், முழு விலையில், மூன்று மாதம் தொடர்ந்து வரட்டும், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மாமாவின் மெர்சிடிஸ்? கழுவுங்கள், உள்ளே வேக்குவம் போடுங்கள், வேக்ஸ் பூசுங்கள், 450 கேளுங்கள். அவர் தர மாட்டார், 300 தருவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதுவே உங்கள் முதல் கார் ஆக வேண்டாம். முதல் மூன்று கார் அப்பாவின் கொரோலாதான், மூன்று வாரமும் அதுவேதான்.