குளிரூட்டிய பச்சைக் குழந்தை பிற்பாடு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியுமா?

கேள்வி: பிறந்ததும் குழந்தை அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துவிட்டது, எச்.ஐ.இ. என்று சொல்லி 72 மணி நேரம் குளிரூட்டினார்கள். இனி வளர்ச்சி எப்படி இருக்கும் என்று இப்போதே கணிக்க முடியுமா?

ஓரளவுக்குக் கணிக்கலாம், ஆனால் ஒரே நாளில் முடியாது. நீங்கள் இப்போது அனேகமாக ஐசியூ வாசலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கையில் இருக்கும், இல்லையென்றால் நாளைக்கு வரும். நான் டாக்டர் இல்லை, பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். உனக்கென்ன தெரியும் என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: என் மகளுக்கும் இதே கதைதான். டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதும், ராத்திரி ஷிப்ட்டில் உட்கார்ந்து படித்ததும்தான் எனக்குத் தெரிந்த அவ்வளவும்.

பிரசவத்தில் கடைசி நேரத்தில் குழந்தையின் துடிப்பு இறங்கிவிட்டது. ஆயுதம் போட்டு எடுத்தார்கள், அழவில்லை. குளிரூட்டுவதென்றால் பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே உடம்புச் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி மூன்று நாள் அப்படியே வைத்திருந்தார்கள். தொட்டால் சில்லென்று இருக்கும். என் மாமியார் நர்ஸிடம், "ஏனுங்க, பச்சக் கொழந்தையப் போயி இப்படியா குளுர வெப்பீங்க" என்று சண்டைக்கே போய்விட்டார்.

அதற்குள் ஆளாளுக்கு ஒரு ஆரூடம். சொந்தக்காரர்கள் ஜாதகம் பார்த்துவிட்டு வந்தார்கள். டியூட்டியில் இருந்த ஒரு சின்ன டாக்டர் ஆப்கார் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு, "நடக்கறதே கஷ்டங்க" என்று என் சம்சாரத்திடமே சொல்லிவிட்டார், பிரசவ அறையிலிருந்து வந்து தையல்கூட ஆறாத பொம்பளையிடம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆப்கார் என்பது பிறந்த முதல் சில நிமிடங்களில் குழந்தை எப்படி இருந்தது என்பதற்கான மார்க். அதை மட்டும் வைத்து எதிர்காலம் சொல்லக்கூடாது.

பெரிய டாக்டர் அப்படிப் பேசவில்லை. தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் கோடாகக் காட்டும் ஏ.இ.இ.ஜி. மிஷினைக் காட்டி, "கோடு எப்ப நல்லபடியா மாறுதுன்னு பாப்போமுங்க" என்றார். குளிரூட்டாத குழந்தைக்கு முதல் 6 மணி நேரத்துக் கோடே நிறையச் சொல்லிவிடும். குளிரூட்டும் குழந்தைக்கு அந்த நேரத்தில் மோசமாக இருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டால் நல்ல அறிகுறி. ஃபிட்ஸ் மருந்து கொடுத்திருந்தால் கோடு கொஞ்சம் அமுங்கித் தெரியும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சூடேற்றிய பிறகு முதல் வாரக் கடைசியில் எடுப்பார்கள். ரொம்பச் சீக்கிரம் எடுத்தால் சாதாரணப் படத்தில் சேதம் முழுசாகத் தெரியாது. அதில் எந்த இடம் அடிபட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். திடீரென்று ஆக்சிஜன் மொத்தமாக நின்றிருந்தால் மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா, தாலமஸ் அடிபடும். பக்கத்தில் இன்டர்னல் கேப்சூல் என்ற நரம்புக் கட்டின் பின்பகுதியும் கெட்டிருந்தால் கை கால் அசைவு, நடை இதில் கஷ்டம் வர வாய்ப்பு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக நேரம் போகக் குறைந்திருந்தால் வாட்டர்ஷெட் என்ற இடம் அடிபடும், ரத்தக் குழாய்களின் கடைசிப் பகுதி. எங்கள் பக்கத்துப் பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, அந்த மாதிரி. என் மகளுக்கு இதுதான், லேசாக. இதில் குழந்தை நன்றாக நடந்துவிடும், பிரச்சினை பிற்பாடு படிப்பிலும் கவனத்திலும் தலைகாட்டலாம் என்று அப்போதே சொன்னார்கள்.

நடந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. ஓட்டம், பேச்சு, வாய் எல்லாம் ஊருக்கே கேட்கும். கணக்கில் மட்டும் ரொம்ப மெதுவு, ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். ரெண்டு வயதுப் பரிசோதனையில் நார்மல் என்று எழுதிக் கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்த வயதில் அவ்வளவுதான் தெரியும். இங்கிலாந்தில் பிரிஸ்டலில் குளிரூட்டிய பிள்ளைகளை 6 முதல் 8 வயதில் பார்த்த ஆய்விலும், பெருமூளை வாதம் (மூளை அடிபட்டதால் கை கால் அசைவில் வரும் ஊனம்) இல்லாதவர்களே மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தார்கள். அதனால் நார்மல் என்றதும் ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

இடையில் மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, செலவே இல்லை. குழந்தை முழித்து, அழாமல், மல்லாக்கப் படுத்திருக்கும்போது சில நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்வார்கள். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கும் அசைவு இருந்தால் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று குழந்தை வளர்ச்சிக்கான பிரிவு இருக்கிறது, பணம் கிடையாது, அங்கேயே கேட்கலாம்.

   

இன்னொன்று, இந்தியாவில் குளிரூட்டல் வேலை செய்யாது என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர்கள் சொல்வது 2021-இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள், குளிரூட்டியவர்களில்தான் இறப்பு அதிகம். உண்மைதான். வெளிநாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இறப்போ பெரிய ஊனமோ 61 சதவீதத்திலிருந்து 46-ஆகக் குறைந்தது, அதுவும் உண்மை. உங்கள் குழந்தைக்குக் குளிரூட்டி முடிந்துவிட்டது, இனி அந்தச் சண்டையால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வெளிநாட்டு சதவீதத்தை அப்படியே நம்ம குழந்தைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

டாக்டரிடம் "நல்லா இருக்குமாங்க" என்று கேட்டால் "பாக்கலாமுங்க" என்றுதான் பதில் வரும். எச்.ஐ.இ. எந்த நிலை, கோடு எத்தனை மணி நேரத்தில் சரியானது, எம்.ஆர்.ஐ. எத்தனையாவது நாள் எடுத்தது, ஆழத்திலா ஓரத்திலா, குழந்தை வாயால் பால் குடிக்கிறதா, இப்படிக் கேளுங்கள், பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியே வாங்குங்கள். எனக்குப் படத்தை அனுப்பாதீர்கள், முன்னே ஒருவர் அனுப்பினார், தறிக்காரனுக்கு அதைப் பார்க்கத் தெரியாது.