ஆயில் சீல் வாங்கப் போகிறீர்களா? பழைய சீலைக் கையில் எடுத்துப் போங்கள்

கேள்வி: சென்னையில் பழைய ஷாஃப்ட் டிரைவ் பைக் (செயினுக்குப் பதில் தண்டு வழியாகச் சக்கரம் சுழலும் வண்டி) ஒன்று வாங்கி வந்தேன். பின் சக்கரத்து ஓரமாக எண்ணெய் கசிகிறது. காரைக்குடியில் அளவு பார்த்து சீல் வாங்கி, வீட்டிலேயே மாற்றிவிடலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: மாற்றலாம். ஆனால் கசிவுக்குக் காரணம் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீல்தானா என்று முதலில் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. சீலை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். மூச்சுத்துளை இருக்கிற மாடல் என்றால் அது அடைத்திருக்கிறதா பாருங்கள். வண்டி ஓடிச் சூடானதும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வரும். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே பின் சக்கர கியர் பெட்டியின் எண்ணெயை இறக்குங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெய் இறக்கும் காந்த நட்டில் மை போன்ற பொடி இருப்பது இயல்பு; செதில் செதிலாக இரும்பு இருந்தால் அங்கேயே நிறுத்தி, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். மூன்றும் பொருந்தினால் மட்டும் போதாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரைதான் தாங்கும். விட்டான் வகை அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். கம்பெனி எந்த வகையைப் போட்டதோ அதையே கேளுங்கள். ஷாஃப்டில் சீலின் உதடு (உள் ரப்பர் விளிம்பு) உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது.

சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற குழாயை வைத்து, பழையது இருந்த ஆழத்துக்கே சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் சீல் அன்றைக்கே கெட்டது.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு முனைகளிலும் பெயிண்ட் குறி வையுங்கள். ஸ்பிளைனில் (ஷாஃப்ட் முனையில் உள்ள பல்வரிசையில்) ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரலாம். ஷாஃப்ட் மடங்கும் இணைப்பான கிராஸ் ஜாயிண்டை இரண்டு திசையிலும் கையால் மடக்கிப் பாருங்கள். எங்காவது இறுகினாலோ தட்டினாலோ அது தேய்ந்தது. கழற்றக்கூடிய லாக் வைத்த ஜாயிண்ட் என்றால் கிட் (மாற்றுப் பாகத் தொகுப்பு) போடலாம். ஆணியடித்தாற்போல் அறைந்து பூட்டியது என்றால் முழு ஷாஃப்டையும் மாற்ற வேண்டியதுதான். லேத் பட்டறையில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஸ்பிளைனுக்கு மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். கியர் ஆயில் எந்த ரகம், எத்தனை மில்லி என்பதைக் கையேட்டில் பார்த்து, அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். பிரேக் பேடில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

கேள்வி: எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. மூன்று விதமாகச் சீல் வாங்கி வைத்திருக்கிறேன். எதைப் போடலாம்?
– புதுவயல் வாசகர்

பதில்: எதையும் போடாதீர்கள். முதலில் வண்டியைக் கழுவி, காயவைத்து, கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தூண் வாங்கினால் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

கேள்வி: முன் ஷாக்கில் சீல் மாற்றியதாக ஒர்க்‌ஷாப்பில் பணம் வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபடி கசிகிறது. பில் தரவில்லை. பழைய பாகத்தையும் காட்டவில்லை. கேட்டால் ‘போட்டாச்சு, விடுங்கம்மா’ என்கிறார்கள்.
– தேவகோட்டை வாசகி

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. கோபப்பட வேண்டிய விஷயம்தான் இது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எழுதி மாட்டியிருந்தால் அந்தச் சட்டம் இல்லாமல் போய்விடாது.

பில் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பணம் அனுப்பிய பதிவு, கசிவின் படம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

பாக்கெட் இல்லாமல் டப்பாவிலிருந்து எடுத்துத் தந்த சீலை நானும் பில் இல்லாமல் வாங்கியிருக்கிறேன். ஸ்பிரிங் கழன்று எண்ணெய் வழிந்தபோது கேட்கக் கையில் ஒரு சீட்டும் இல்லை.

மறுபடி வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ஷாக் குழாயைப் பாருங்கள். துரு பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தால் எந்தச் சீலும் தாங்காது. குழாயை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஹார்டு குரோம் பூச்சு போட வேண்டும். சீலை இரண்டு பக்கமும் ஜோடியாக, புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலோடு போடச் சொல்லுங்கள். நம் செம்மண் புழுதி முதலில் கடிப்பது அந்த உதட்டைத்தான்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 40 ரூபாய் குறைத்துத் தருகிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: வேண்டாம்.