வரலாற்றுக் கல்வியில் ஆய்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வரலாறு கற்பித்தல் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் வரலாற்று அடைவில் காணொளி வழிக் கற்பித்தலின் விளைவு’ என்று ஒரு தலைப்பு யோசித்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

எம்.

அன்புள்ள எம்,

முதலில் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். ‘வரலாற்று’ என்பதை எடுத்துவிட்டு ‘இயற்பியல்’ என்று போட்டாலும் அது அப்படியே நிற்கிறது பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகமான ஷோத்கங்காவில் தேடினால் இதே வார்ப்பில் ஏகப்பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும். முன்தேர்வு, காணொளி, பின்தேர்வு, மதிப்பெண் கூடியது, பட்டமும் கிடைத்தது. பிள்ளைகள் வரலாறு என்றால் என்னவென்று நினைக்கிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

இந்தத் துறை வளர்ந்ததே அந்தக் கேள்வியால்தான். அமெரிக்காவில் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வை முதலில் படியுங்கள். அமெரிக்கப் புரட்சியின் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களையும் ஒரு பாடநூல் பகுதியையும் சில வரலாற்றாளர்களிடமும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வரலாற்றாளர்கள் இதை எழுதியது யார், எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். பாடநூல் பகுதிதான் அவர்களுக்கு மிகவும் நம்பகமானதாகப் பட்டது.

இங்கிலாந்தில் பீட்டர் லீ, ராசலின் ஆஷ்பி குழுவினர் ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இன்னொன்று கேட்டார்கள்: ஒரே கடந்த காலத்துக்கு எப்படி இரண்டு வேறு கதைகள் இருக்க முடியும்? ஒன்று பொய், ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆளுக்கு ஆள் பார்வை வேறு என்று பதில்கள் பல தினுசு. சில எட்டு வயதுப் பிள்ளைகள் பதினான்கு வயதுக்காரர்களைவிடத் தெளிவாகப் பேசினார்கள் என்பதுதான் சுவாரசியம்.

சரி, உங்கள் வகுப்பில் என்ன செய்யலாம்? உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். குடவோலை முறை என்றதும் ‘சோழர் கால மக்களாட்சி’ என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இரண்டு, 919லும் 921லும் வெட்டப்பட்டவை. பெயர் எழுதிய ஓலையை ஒரு சிறுவன் குடத்திலிருந்து எடுப்பான். கணக்குக் காட்டாதவர் போட்டியிட முடியாது. அப்புறம்தான் விஷயம்: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமண ஊரின் சபை அது. வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை, அடுத்ததில் 35 முதல் 70 வரை.

பாடநூல் பத்தியையும் இந்த இரண்டு கல்வெட்டின் வரிகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் கொடுங்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். நிலமில்லாதவரும் பெண்களும் பட்டியலில் இல்லை என்பது யாருக்காவது தானாகத் தோன்றுகிறதா? வயது மாறியிருப்பதைப் பார்த்து ‘ஏதோ ஒன்று தப்பு’ என்கிறார்களா, ‘இரண்டு வருஷத்தில் ஏன் மாற்றினார்கள்’ என்கிறார்களா? நடுவில் விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆசிரியைக்கு அதுதான் கஷ்டம்.

உங்கள் சொந்த வகுப்புப் பிள்ளைகள் வேண்டாம். டீச்சருக்குப் பிடித்த பதில் எது என்று அவர்களுக்கு அத்துபடி. பக்கத்துப் பள்ளிக்குப் போங்கள், தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு. பதிவைக் கேட்டு எழுதும் வேலையை யாரிடமும் கொடுக்காதீர்கள். தயங்கும் இடமும் ‘தெரியல மிஸ்’ என்று சொல்லிவிட்டு மறுபடி பேச ஆரம்பிக்கும் இடமும்தான் உங்கள் தரவு.

பாடநூல்களை ஒப்பிடுவதில் ஆர்வமிருந்தால், சுதந்திரப் போராட்டத்தை இந்திய, பாகிஸ்தான் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் விதம் பற்றிக் கிருஷ்ண குமார் எழுதியதைப் படியுங்கள். அது தனி வழி, இப்போதைக்கு இரண்டையும் கலக்க வேண்டாம்.

கைடு எடுத்த எடுப்பில் ‘சாம்பிள் எத்தனை?’ என்றுதான் கேட்பார். இருபது பேர் என்றால் முகம் சுளிப்பார். வைன்பர்க்கின் ஆய்வில் வரலாற்றாளர்கள் எட்டுப் பேர், மாணவர்கள் எட்டுப் பேர். அந்தக் கட்டுரையையும் நகலெடுத்துக்கொண்டு போங்கள்.