வில்லுப்பாட்டில் குடம் எதற்கு? மணிக்கணக்கில் உட்கார்ந்து எப்படிப் பாடுகிறார்கள்?

குடத்தை வெறும் தாங்கி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். வீசுகோலால் நாணை அடிக்கும்போது மணிகள் குலுங்கும், அதிர்வு குடத்துக்குள் இறங்கிக் கனமாக வெளிவரும். குடக்காரர் பத்தியால், அதாவது கமுகம்பாளையில் (பாக்கு மரப் பாளை) செய்த தட்டியால், குடத்தின் வாயில் தட்டுவார். அந்தக் கும்மென்ற ஒலிதான் பாட்டுக்கு அடித்தளம். கூடவே உடுக்கும் ஜால்ராவும் உண்டு.

சரி, மூச்சு? வீசுகோலை வீசியபடி பாடும் முதன்மைப் பாடகரான அண்ணாவி ஒருவரே முழுக்கப் பாடுவதில்லை. அவர் ஒரு வரி பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், "ஆமா" போடுவார்கள். அந்த இடைவெளிதான் அவருக்கு மூச்சுவிடும் நேரம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கொடை விழாக்களில் கவனித்துப் பாருங்கள். சாமி வரும் கட்டத்தில் தாளம் வேகமெடுக்கும், அப்போது அவர் தோளும் மணிக்கட்டும் படும் பாடு சாதாரணமல்ல.

கற்க ஆசைப்படுபவர்கள் முதலில் தரையில் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி உட்காரப் பழகுங்கள். கூனி உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சு குறையும். அப்புறம் தோளை இறுக்காமல் மணிக்கட்டால் கோலை வீசிப் பாருங்கள். இடுப்பு வலித்தால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டினால் போதும்.